மாமாவின் படத்துக்கு வேண்டியிருந்த அழுகை

என் மாமாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் வருவது பெருமூச்சுதான். அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டில் தங்கி, எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று, எங்கள் வீட்டு மின்சாரத்தில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, யார் தயவும் வேண்டாத சுதந்திரக் கலைஞன் என்று தன்னை அழைத்துக்கொண்டவர். அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்தச் சுதந்திரத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எல்லையை ஒட்டி மலையாளப் பக்கம் இருக்கும் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. வாய்க்கால் மேட்டுப் பாதையில் உள்ளே வந்தால் சுற்றிலும் நெல்வயல், நடுவில் நாங்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மயில்களைத் தவிர யாரும் கிடையாது. அப்பா வயலைப் பார்த்துக்கொண்டார், அம்மா மாடுகளையும் எங்களையும் பார்த்துக்கொண்டாள், மாமா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. முதலில் கவிதை எழுதினார். அதைக் கட்டைவிரலால் தட்டச்சு செய்து, வாய்க்கால் மேட்டில் எங்கள் எருமை நிற்கும் படத்தை அட்டையாகப் போட்டு, மின்னூலாக வெளியிட்டார். வாங்கும் வசதி வேலை செய்கிறதா என்று பார்க்க அவரே ஒரு பிரதி வாங்கினார். வேலை செய்தது. அதன் பிறகு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அடுத்து சொந்தமாகப் பாட்டுக் கட்டி, குளியலறைக்குள் நின்று பாடிப் பதிவு செய்தார். குரல் அங்கேதான் எடுப்பாக இருக்குமாம். அவர் பாடி முடிக்கும்வரை சோப்பும் துண்டுமாக நாங்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

“இனி எவன் வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்ல அம்மிணி. எழுதறது, எடுக்கறது, வெளியிடறது, அத்தனையும் இந்தக் கையகலச் சாமானுக்குள்ள இருக்குது” என்பார் என்னிடம். நிற்பதற்குத்தான் நாங்கள் இருந்தோமே.

இந்தக் கையகலச் சாமான் எங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அழைப்பிதழை மாமாவே போனில் வடிவமைத்தார். பூக்கள் உதிர, மணி ஒலிக்க, வீடு தானாகத் திறக்கும் அழைப்பிதழ். செய்து முடித்த பூரிப்பில் அன்றைக்கே எல்லா உறவுக்காரர்களுக்கும் அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் முதல் அழைப்பு அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. உடன்பிறந்தவன் பெண்டாட்டியோடு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். அப்பாவுக்கு ஒரே அக்கா, ஆனைமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மறுநாள் காலை போவதற்கு அப்பா சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தார். அதற்குள் ஊருக்கெல்லாம் உதிர்ந்த பூ அத்தையின் போனிலும் உதிர்ந்துவிட்டது.

மறுநாள் தட்டோடு போன அப்பாவையும் அம்மாவையும் அத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். “போனுல கூப்ட்டீங்க, போனுலயே வந்துட்டுப் போறேன்” என்றார். சொன்னபடியே விசேஷத்தன்று காலையில் ஒரு குத்துவிளக்குப் படமும் கும்பிடும் கைகளும் அனுப்பிவைத்தார். அதோடு போக்குவரத்து நின்றது. ஒரு தட்டு வெற்றிலை முந்திப் போகவில்லை என்பதற்காக அப்பாவின் ஒரே அக்கா எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. அவர் எதைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாமாவோ கொஞ்சமும் தளராமல் படம் எடுக்க இறங்கினார். படத்தின் பெயர் ‘மூணாம் மடை’. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் விவசாயி, தண்ணீர் வராத ஏக்கத்தில் செத்துப்போகிறார். அவருடைய மகள் அழுகிறாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டபடி மடையைத் திறக்கப் போகிறாள். கதை அவ்வளவுதான். மகள் நான். அதோடு வெட்டி ஒட்டும் வேலையும் என்னுடையதுதான். மாமாவுக்கு எடுக்கத் தெரியுமே தவிர, வெட்டத் தெரியாது. எடுத்ததெல்லாம் பொன் என்று நினைப்பவர். படத்தொகுப்புச் செயலியை இறக்கி, நோண்டி நோண்டிக் கற்று, அவருக்கும் கற்றுக் கொடுக்க முயன்று தோற்றவள் நான்.

அம்மா ஒரு கெடு வைத்திருந்தாள். ஓணம் லீவு முடிவதற்குள் இந்தப் படத்தை எடுத்து வெளியிட வேண்டும். இல்லையென்றால் கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் தெரிந்தவர் பார்த்து வைத்திருந்த வேலைக்கு மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும். மாமா ஒத்துக்கொண்டார். தன் படம் வெளிவந்தால் உலகமே தன்னைத் தேடி வாய்க்கால் மேட்டுக்கு வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். லீவு முடியப் போகிற நேரத்தில் எல்லாக் காட்சிகளும் எடுத்தாகிவிட்டன. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, அந்த அழுகை.

எனக்கு அழுகை வரவில்லை. வெங்காயம் நறுக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தைலம் தடவியதில் தும்மல்தான் வந்தது. அம்மா கூப்பிட்டு வைத்துத் திட்டிப் பார்த்தாள். அது தினமும் கேட்பது, பழகிவிட்டது. செத்த அப்பாவாக நடிக்க எங்கள் அப்பாவே சம்மதித்திருந்தார். வசனம் கிடையாது, பகலில் கட்டிலில் படுத்திருக்கலாம் என்பதுதான் அவரை இழுத்தது. மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, வேட்டிக் கிழிசலால் தாடையைக் கட்டி முன்வாசலில் கிடத்தினால், அவர் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு “அப்பா!” என்று விழும்போது பிணம் குறட்டை விடும். குறட்டை இல்லாத நேரத்தில் மயில் அகவும். மயிலும் ஓய்ந்தால் யாருடைய போனாவது அடிக்கும்.

போன் தொல்லையை ஒழிக்க மாமா அன்று காலை ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலிருந்த எல்லாப் போன்களையும் பிடுங்கி அணைத்து, நெல் அவிக்கிற அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டார். படம் எடுக்கும் அவருடைய போனுக்கும் அழைப்பு வராமல் செய்துகொண்டார். அதற்குச் சற்று முன்னால்தான், நல்ல நேரம் பார்த்து, படத்தின் முதல் விளம்பரத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அதை எங்களிடம் காட்டவில்லை. நாங்கள் பிறகு பார்த்ததைத்தான் சொல்கிறேன். மாலை போட்ட அப்பாவின் படம். இரு பக்கமும் எரியும் விளக்கு. மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. இரு மாநிலத்து ரசிகர்களுக்கும் புரிய வேண்டுமே, கீழே மலையாளத்தில் ‘ஆதராஞ்சலிகள்’. படத்தின் பெயரும் மாமாவின் பெயரும் கடைசி ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. எங்கள் ஊர்களில் சாவு என்றால் இப்போதெல்லாம் ஆள் விட்டுச் சொல்வதில்லை, இப்படி ஒரு படம் வைப்பதுதான் வழக்கம். படத்தைப் பார்த்ததும் கூப்பிட்டுக் கேட்பார்கள். அன்று எங்கள் வீட்டைக் கூப்பிட்ட எல்லோருக்கும், எந்த எண்ணை அடித்தாலும், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. வீட்டில் அத்தனை பேரும் போனை அணைத்திருந்தால் பிறகு என்ன சந்தேகம்?

உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “அழுவு அம்மிணி. உங்கொப்பன் செத்துக் கெடக்கறாரு பாரு” என்று மாமா கெஞ்சினார். போனைத் தென்னை மட்டையில் கட்டி, மட்டையை மருந்தடிக்கும் பம்பில் சொருகி நிறுத்தியிருந்தார். நான் செத்துக் கிடந்தவரைப் பார்த்தேன். பசித்தது. உள்ளே அம்மா அரிசிம்பருப்புச் சோறு தாளிக்கிற வாசம் வந்தது. அழுகை எங்கிருந்து வரும்?

அப்போதுதான் வாய்க்கால் மேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கும்போதே பெண்களின் ஓலம் கேட்டது. மாமா எரிச்சலோடு திரும்பி, “எந்த ஊட்டு எழவோ, இன்னிக்குத்தான் வரோணுமா” என்றார். பதிவை நிறுத்தக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். முன்னால் தலைவிரி கோலமாக ஓடி வந்தது அத்தை. பின்னால் அத்தையின் வீட்டுக்காரர் கோடி வேட்டிப் பையும் ரோஜா மாலையுமாக, செருப்பு ஒன்று கழன்று வாய்க்காலோரம் கிடக்க, நொண்டி நொண்டி வந்தார்.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து அப்பாவின் நெஞ்சில் விழுந்தார். “என்ற சாமி! ஒரு தட்டு வெத்தலைக்கு ரோசம் பாத்து உன்னத் தொலைச்சுப்போட்டனே! வாசல்ல நின்னயே ராசா, வான்னு ஒரு வார்த்த சொல்லாம அனுப்பீட்டனே!” என்று மார்பில் அடித்துக்கொண்டு கதறினார். என்னைக் கண்டதும் கழுத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டிக்கொண்டார். எனக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் ஒன்று புரிந்தது. இத்தனை நாளாக மாமா தேடிக்கொண்டிருந்த அழுகை இதுதான். பம்பில் சொருகிய போன் ஓடிக்கொண்டே இருந்தது, மயில்கூட வாயைத் திறக்கவில்லை. என் முகம் சேலையில் மறைந்துவிடாமல் மெதுவாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்பாதான் என்னை ஆச்சரியப்படுத்தினார். இத்தனைக்கும் அசையவில்லை. குறட்டையும் இல்லை. அத்தை அவருடைய தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் தன் இடுப்பில் உட்கார்ந்து நல்லேப்பிள்ளித் தேர் பார்த்தவன் என்றெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். அப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு கிடந்தார். மாமா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ‘கட்’ சொல்லும்வரை செத்தே கிடக்கிறாரே, நம் வீட்டிலும் ஒரு நடிகர் இருந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படி நினைத்து முடிப்பதற்குள் கெடுத்துவிட்டார். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் கிளம்பி, காதுப் பக்கம் வழிந்தது. ஒன்று வழிந்து காய்வதற்குள் அடுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அத்தையின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு, “கட்! கட்! மாமா, அப்பா அழுவறாரு! எல்லாம் போச்சு!” என்று கத்தினேன்.

ஓலம் சட்டென்று நின்றது. அத்தை அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம், அதுவும் சூடான ஈரம். அப்பா கண்ணைத் திறந்தார். தாடையைக் கட்டியிருந்ததால் குரல் சரியாக வரவில்லை. “அக்கா” என்றார்.

அத்தை விட்ட அறை வாய்க்கால் மேடு வரைக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு அவரையே கட்டிக்கொண்டு முன்னைவிடச் சத்தமாக அழுதார். அதுவரை கேட்ட ஓலமெல்லாம் எங்கள் நடிப்பு என்று நினைத்திருந்து, அறைச் சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடி வந்த அம்மா, வேனையும் மாலையையும் கோடியையும் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் விழித்தவளுக்கு அத்தையின் வீட்டுக்காரர் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினார். தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையிலிருந்த கரண்டியால் அம்மா மாமாவை வாசலைச் சுற்றி விரட்டினாள். “உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலை போட்டு ஊரெல்லாம் காட்டுனயா? ஊட்டுப் பால்காய்ச்சுக்கும் உன்ற போனு, எழவுக்கும் உன்ற போனு! நீ ஆக்கறதெல்லாம் ஊருக்குக் காட்டாம இருக்க மாட்டயா?” மாமா ஓடும்போதும் பம்பு சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டுதான் ஓடினார்.

அதற்குப் பிறகு பெரியவர்களுக்கு வேறு கவலை. எழவுக்கு எடுத்த கோடியையும் மாலையையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது. உயிரோடு இருப்பவருக்குப் போடவும் கூடாது. அத்தையின் வீட்டுக்காரர் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் தூக்கிக்கொள்ளவும் தெரியாமல் நின்றார். கடைசியில் மாலை வாய்க்காலில் போனது, கோடிப் பை மாட்டுக் கொட்டகைக்குப் போனது. வந்தவர்கள் எல்லோரும் பம்புசெட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டபோது அத்தை ஈரத் தலையோடு வாசலிலேயே நின்றார். எழவுக்குத்தான் அழைக்காமல் வருவது, இப்போது எழவு இல்லை என்று ஆகிவிட்டதே. அப்பா மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து, அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “ஊட்டுக்கு வாக்கா” என்றார். அத்தை தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். நெற்றிக் காசு அப்பாவின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. பதிவு என்ன ஆனது என்பதுதான் என் கவலை. சாப்பிட்டவர்கள் பாய் விரித்துப் படுத்த நேரத்தில் நானும் மாமாவும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். அப்படி ஒரு காட்சியை மாமா அதுவரை எடுத்ததில்லை. வெயில், கட்டில், ஓடி வரும் உருவம், அந்தக் குரல் எல்லாம் இருந்தன. கண்ணீர் வழிகிற இடத்துக்கு முன்னாலேயே வெட்டிவிடலாம் என்று சொன்னேன். எங்கே வெட்ட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினேன். “இது ஒண்ணு போதும் மாமா. நீங்க கோயமுத்தூர் போக வேண்டாம்” என்றேன். மாமா அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

நிழல் விழுந்தது. அப்பா நின்றிருந்தார். சிறிய திரையில் தன் அக்கா அழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது வேண்டாம் மாப்ள” என்றார். மாட்டுக்கு வைக்கோல் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தான் எடுத்ததில் ஒரு நொடியைக்கூட வெட்ட விடாத மனிதர், யார் சொன்னாலும் கேட்காத மனிதர், அப்பா மூன்று வார்த்தை சொன்னதும் அந்தக் காட்சியை முழுவதுமாக அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைத் திறந்து அங்கிருந்தும் அழித்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன், கடிக்கக்கூடப் பார்த்தேன். போய்விட்டது. எனக்கு வந்ததே ஒரு அழுகை! வெங்காயத்துக்கும் தைலத்துக்கும் வராதது, கொட்டகைச் சாணியில் புரண்டு புரண்டு, மூக்கு ஒழுக, விக்கல் எடுக்க வந்தது. “நல்லாருந்துச்சே! நல்லாருந்துச்சே! போயிருச்சே!” என்று அடித்துக்கொண்டு அழுதேன்.

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த கோடி வேட்டியை உருவி, வெயில் அதில் பட்டு வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே இருந்த கம்பத்தில் கட்டினார். போனைத் தூக்கினார். “அப்பிடியே அழுவு கண்ணு” என்றார், அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

படம் கெடுவுக்குள் வெளிவந்தது. பார்த்தவர்கள் அதிகமில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பெண் குழந்தை அப்பா செத்ததற்கு எப்படி அழுகிறது, பிரமாதம், அடிபொளி என்று எழுதினார்கள். உலகம் வாய்க்கால் மேட்டுக்கு வரவில்லை. மாமா கோயமுத்தூருக்குப் போனார். இன்றும் பம்பு கம்பெனியில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையாவது படுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இப்போது கல்யாண வீடியோ வெட்டித் தருவதுதான் பிழைப்பு. பெண்ணை அனுப்பி வைக்கும் இடத்தில் அப்பாக்கள் அழுவது வந்தால், வைக்கவா எடுக்கவா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன். முக்கால்வாசிப் பேர் எடுத்துவிடத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அப்பாமேல் அடங்காத கோபம். அத்தையை வேன் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவரை வாசலில் மறித்துக்கொண்டேன். “செத்தவங்க அழுவாங்களா? அத்தை அழுவற வரைக்கும் கொஞ்ச நேரம் அடக்கிட்டுக் கெடக்க முடியாதா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அடக்கித்தான் பாத்தேன் கண்ணு” என்றார் அப்பா.

அதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மனிதருக்கு நடிக்கவே தெரியாது, இனி எந்தப் படத்திலும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.